மரத்துக்குப் பின்னால் நிற்பது யார்?

ஓமலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாயங்கால நேரம் டீ குடிக்க ஒதுங்கிப் பாருங்கள். மேட்டூர் பஸ்ஸுக்கும் தர்மபுரி பஸ்ஸுக்கும் காத்திருப்பவர்கள் பெஞ்சை நிரப்பியிருப்பார்கள். அரசியல் முடிந்து, சினிமா முடிந்து, கடைசியில் பேச்சு எப்படியோ சண்டைக்கு வந்து நிற்கும். நான் போன அன்றைக்கும் அப்படித்தான்.

''ஏங்க, முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தா யாருங்க ஜெயிச்சிருப்பா?''

''இதென்ன கேள்வி? டைசன் ஒரே குத்து. ஆளு க்ளோஸ்!''

''அட போங்கண்ணா! அலியை மொதல்ல தொடணுமில்ல?''

அரை மணி நேரம் இந்தப் பஞ்சாயத்து ஓடியது. இரண்டு பஸ் போய்விட்டது. யாரும் ஏறவில்லை!

சிரிக்காதீர்கள். இதே கேள்விக்கு விடை தேடி, அந்தக் காலத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் சைஸில் இருந்த கம்ப்யூட்டரை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அது சொன்ன பதிலைக் கேட்டுக் கடுப்பாகி முகமது அலி கோர்ட்டுக்கே போனார்!

அந்தக் கதைக்குள் போவதற்கு முன்னால், ஓமலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். தாரமங்கலம்.

கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். அங்கே தூண்களில் ஒரு மல்யுத்தம் நடக்கிறது. ஒரு பக்கம் வாலியும் சுக்ரீவனும். இன்னொரு தூணில் வில்லோடு ராமர். இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? ராமர் இருக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள், வாலி நன்றாகத் தெரிவான். இப்போது வாலி இருக்கும் தூணுக்கு வந்து திரும்பிப் பாருங்கள். ராமர் தெரியமாட்டார்! தூண்களை அப்படிக் கணக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார் சிற்பி.

கதை உங்களுக்குத் தெரியும். எதிரில் நின்று மோதுகிறவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்பது வரம். ஆகவே, நேருக்கு நேர் வாலியை ஜெயிக்க ஆளில்லை. முதல் சண்டையில் சுக்ரீவன் அடி வாங்கித் திரும்பி ஓடிவந்தான். இரண்டாவது சண்டையில், அண்ணன் யார், தம்பி யார் என்று அடையாளம் தெரிவதற்காக சுக்ரீவன் கழுத்தில் ஒரு மாலை. மீதியை அம்பு பார்த்துக்கொண்டது. ராமர் செய்தது நியாயமா, இல்லையா என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியது அந்தச் சிற்பி சொல்லும் ஒரே ஒரு விஷயம்தான். சண்டை போடுகிறவன் கண்ணுக்கு, சண்டையைத் தீர்மானிக்கிறவர் தெரிவதில்லை!

இதை மனதில் ஓரமாக வைத்துக்கொண்டு, வாருங்கள் அமெரிக்காவுக்கு.

1967. ஹெவிவெயிட் உலக சாம்பியன் முகமது அலிக்கு வயது இருபத்தைந்து. அவரைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. அந்த ஏப்ரல் 28-ம் தேதி, ஹூஸ்டன் நகரில், ராணுவத்தில் சேர மறுத்தார். வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றார். உடனே குத்துச்சண்டை லைசென்ஸ் போயிற்று. பட்டம் பறிபோயிற்று. கோர்ட் ஐந்து வருஷம் சிறைத்தண்டனை விதித்தது. அப்பீல் போட்டதால் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். ஆனால், வளையத்துக்குள் கால் வைக்க முடியாது. ஒரு குத்துச்சண்டை வீரனின் மிகச் சிறந்த வயசு எதுவோ, அந்த மூன்றரை வருஷமும் அலி சும்மா இருந்தார்.

நிஜமான சாம்பியன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில், மியாமியைச் சேர்ந்த மர்ரே வோரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களிலும் பதினாறு பேரை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் மோதவிட்டால் என்ன? செத்தவர்களும் வரலாம், கிழவர்களும் வரலாம். எல்லோரும் அவரவர் உச்சத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வது. குத்தின் வேகம் எவ்வளவு, அடி தாங்கும் சக்தி எவ்வளவு, தைரியம் எவ்வளவு என்று நிபுணர்களைக் கேட்டு மார்க் போட்டு, எல்லாவற்றையும் என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் திணித்தார்கள். அது துப்பிய முடிவை வைத்து, நேர்முக வர்ணனை மாதிரியே ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். ஜனங்கள் மெய்மறந்து கேட்டார்கள்.

கால் இறுதியில் அலிக்கு எதிராக வந்தவர் ஜிம் ஜெஃப்ரீஸ். கம்ப்யூட்டர் சொன்ன முடிவு - அலி தோல்வி!

பட்டத்தைப் பிடுங்கியாயிற்று. இப்போது கற்பனையிலும் தோற்கடித்தாயிற்று. அலி பத்து லட்சம் டாலர் கேட்டு மான நஷ்ட வழக்குப் போட்டார்.

அலிக்கு ஏன் அவ்வளவு கோபம்? 'தோற்றதாகச் சொன்னால் எனக்கென்ன' என்று விட்டிருக்கலாமே? யாரிடம் தோற்றதாகச் சொன்னார்கள் என்று பார்த்தால்தான் அந்தக் கோபம் புரியும்.

ஜிம் ஜெஃப்ரீஸ் வெள்ளைக்காரர். சாம்பியனாக இருந்த காலத்தில், கறுப்பினத்தவரோடு பட்டத்துக்காக மோதமாட்டேன் என்று சொன்னவர். 1905-ல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றுத் தோட்டம் துரவு என்று போய்விட்டார். 1908 டிசம்பரில், சிட்னியில், ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. 'ஜெஃப்ரீஸ், நீதான் வரவேண்டும். வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்' என்று பத்திரிகைகள் கெஞ்சின. மனிதரும் தொந்தியைக் கரைத்துக்கொண்டு வந்தார். 1910 ஜூலை 4, ரெனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜான்சன் அவரை வீழ்த்தினார். அன்று ராத்திரி அமெரிக்காவின் பல ஊர்களில் கலவரம். கறுப்பர்கள் தேடித் தேடித் தாக்கப்பட்டார்கள். பலர் உயிரிழந்தார்கள்.

அப்படிப்பட்ட ஜெஃப்ரீஸ்தான், ஐம்பத்தேழு வருஷம் கழித்து கம்ப்யூட்டருக்குள் மறுபிறவி எடுத்து அலியை ஜெயிக்கிறார்! கம்ப்யூட்டருக்கு நிறம் தெரியாது. உண்மைதான். ஆனால், அதற்கு மார்க் போட்டுக் கொடுத்தது மனிதர்கள் அல்லவா?

வழக்கு சமரசத்தில் முடிந்தது. எப்படி? அலிக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் தருவது, பதிலுக்கு அவர் இன்னொரு கற்பனைச் சண்டையில் நடித்துக் கொடுப்பது! இந்தத் தடவை ரேடியோவில் இல்லை, சினிமாவில். எதிராளி, ரேடியோ போட்டியில் முதலிடம் பெற்ற ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி. தோல்வியே இல்லாமல் 1956-ல் ஓய்வு பெற்றவர்.

1969 கோடைக்காலம். மியாமியில் ஜன்னல் எல்லாம் மூடிய ஒரு ஸ்டுடியோ. மார்சியானோவுக்கு நாற்பத்தைந்து வயது. இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். அலிக்கு இருபத்தேழு. வேலையில்லாத சாம்பியன். ஒவ்வொரு நிமிஷமாக ஏறத்தாழ எழுபது ரவுண்டு மோதிக் காட்டினார்கள். ரத்தத்துக்குப் பதிலாக தக்காளி கெச்சப். அலி ஜெயிக்கிற மாதிரி ஒரு முடிவு, மார்சியானோ ஜெயிக்கிற மாதிரி ஒரு முடிவு என்று பல விதமாக எடுத்துக்கொண்டார்கள். எது திரைக்கு வரும் என்று மோதிய இரண்டு பேருக்குமே தெரியாது.

தாரமங்கலம் ஞாபகம் வருகிறதா?

படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரம்தான். ஆகஸ்ட் 31, மறுநாள் பிறந்தநாள் என்ற நிலையில், மார்சியானோ ஒரு சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார். தான் ஜெயித்தோமா, தோற்றோமா என்பது தெரியாமலே போய்விட்டார்.

1970 ஜனவரி 20. ஒரே ஒரு ராத்திரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் படம் ஓடியது. பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோவின் குத்தில் அலி விழுந்தார். அமெரிக்காவில் காட்டியது இந்த முடிவை. ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்! ஒரே சண்டை, ஒரே கம்ப்யூட்டர். எந்த ஊரில் எது விற்குமோ, அங்கே அது. அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று கிண்டலடித்தார் அலி. இனவெறிக்குப் பேர் போன மாநிலம் அது.

'சரி சார், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கோளாறு. இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டரைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம்.

இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது, விளையாட்டே மாறிவிட்டது. 1889-ல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் கையுறை இல்லாமல், வெறும் கையால், மிசிசிப்பி வெயிலில் 75 ரவுண்டு அடித்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல். 1910-ல் ஜான்சன் - ஜெஃப்ரீஸ் சண்டைக்கு நிர்ணயித்தது 45 ரவுண்டு. அலி காலத்தில் பட்டத்துக்கான சண்டை 15 ரவுண்டு. 1982 நவம்பரில் தென்கொரிய வீரர் டுக் கூ கிம், சண்டையில் வாங்கிய அடியால் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அது 12 ஆகக் குறைந்தது. எடையும் அப்படித்தான். மார்சியானோ சுமார் 85 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, ஒரு படி கீழே. 120 கிலோ டைசன் ஃப்யூரிக்கு எதிரே அவரை நிறுத்தினால், தராசே சிரிக்கும். யார் விதிப்படி மோதுவது? எத்தனை ரவுண்டு? இதை முடிவு செய்கிற ஆள், ஜெயிப்பவரையும் பாதி முடிவு செய்துவிடுகிறார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிசு. 1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். அலிக்கு முப்பத்திரண்டு வயது. எதிரே ஜார்ஜ் ஃபோர்மேன். அலியை 1971-ல் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை, இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் உருட்டியவர். எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தாலும் ஃபோர்மேன் என்றுதான் சொல்லியிருக்கும். பெரும்பாலான நிபுணர்களும் அதைத்தான் சொன்னார்கள். அலி என்ன செய்தார்? கயிற்றில் சாய்ந்துகொண்டு, 'அடி, எவ்வளவு வேண்டுமானாலும் அடி' என்று நின்றார். அடித்து அடித்து ஃபோர்மேன் களைத்துப்போக, எட்டாவது ரவுண்டில் கதை முடிந்தது!

டைசன் கதையும் கேளுங்கள். இருபது வயதில் சாம்பியன் ஆனவர். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்பவர் அவரை நாக் அவுட் செய்தார். பந்தயக்காரர்கள் டக்ளஸ் பெயரில் பணம் கட்டுவதையே கேலியாகப் பார்த்தார்கள்.

அதாவது, நிஜமான சண்டையில், அதுவரை யாரும் பார்த்திராத ஒன்று அந்த மனிதனுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. பழைய கணக்கில் அது இருக்காது. மோதினால்தான் தெரியும். அதனால்தான் ஒருவனை மோதவிடாமல் தடுப்பது பெரிய அநியாயம்.

அப்படித் தடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

சாம் லாங்ஃபோர்டு. கனடாவில் பிறந்த கறுப்பர். ஐந்தடி ஏழு அங்குலம்தான் உயரம். பெரிய பெரிய ஹெவிவெயிட் ஆட்களையெல்லாம் சாய்த்தவர். வரலாற்றின் தலைசிறந்த குத்துச்சண்டைக்காரர்களில் ஒருவர் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோத அவருக்குக் கிடைத்த வாய்ப்பு? பூஜ்யம்! இதில் ஒரு வேதனை என்னவென்றால், ஜாக் ஜான்சனே அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. 1906-ல் இருவரும் மோதி ஜான்சன் ஜெயித்திருந்தார். ஆனால், சாம்பியன் ஆன பிறகு ஒருமுறைகூட லாங்ஃபோர்டை எதிரே நிற்க விடவில்லை. நிறத்தைச் சொல்லித் தன்னைத் தடுத்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர், பின்னால் வந்தவருக்கு அதே கதவைச் சாத்தினார். இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்பது வியாபாரக் கணக்கு.

ஹாரி வில்ஸ் என்று இன்னொருவர். 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியோடு மோத வருஷக்கணக்கில் காத்திருந்தார். ஒப்பந்தம்கூடப் போட்டார்கள். சண்டை நடக்கவே இல்லை. பட்டத்துக்கு வழியில்லாத வில்ஸும் லாங்ஃபோர்டும் என்ன செய்வார்கள்? ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். பதினைந்து தடவைக்கு மேல்! 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, அடுத்த கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனாக ஜோ லூயிஸ் வருவதற்கு 1937 ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம்!

1944-ல் ஒரு பத்திரிகையாளர் லாங்ஃபோர்டைத் தேடிப் போனார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஓர் இருட்டு அறையில் இருந்தார் மனிதர். இருட்டு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கண் பார்வை போயிருந்தது. பத்திரிகையில் அவரைப் பற்றிப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். கடைசிக் காலம் கஷ்டமில்லாமல் கழிந்தது.

'இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்' என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஜான்சன் - ஜெஃப்ரீஸ் மோதிய அதே 1910-ல், நம்ம ஊர்ப் பயில்வான் ஒருவர் லண்டனுக்குக் கப்பலேறினார். காமா! மல்யுத்தத்தில் இந்தியாவே வணங்கிய பெயர். அங்கே என்ன சொன்னார்கள்? 'ஆள் குள்ளம். போட்டியில் சேர்க்க முடியாது.' காமா அசரவில்லை. எவ்வளவு எடையுள்ளவனாக இருந்தாலும் வரட்டும், அரை மணி நேரத்துக்குள் சாய்க்கிறேன் என்று சவால் விட்டார். செப்டம்பர் 10-ம் தேதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ எதிரே வந்தார். வந்தவர், காமாவின் பிடிக்குப் பயந்து தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டார்! இரண்டரை மணி நேரம் புரட்டிப் பார்த்தும் முடியாமல் ஆட்டம் டிரா. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதுவதாக ஏற்பாடு. ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி சந்தித்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஸ்பிஸ்கோவை மல்லாத்திவிட்டார் காமா. ஆனால், அன்றைய உலக சாம்பியன் அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச்சும் காமாவும் மோதவே இல்லை. அந்தச் சண்டை இன்றுவரை கற்பனையில்தான் நடக்கிறது.

சென்னைக்கு வாருங்கள். வடசென்னையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து குத்துச்சண்டை உண்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பிரிந்து நின்று மோதியவர்கள் துறைமுகத்திலும் மீன்பிடியிலும் பிழைத்த ஜனங்கள். 2021-ல் பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு, ஓமலூர் டீக்கடை வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. 'கபிலனும் டான்சிங் ரோஸும் மறுபடி மோதினா?' என்று பையன்கள் பேசுகிறார்கள். இருவருமே சினிமாப் பாத்திரங்கள். ரத்தமும் சதையுமாக மோதிய கித்தேரி முத்து போன்றவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களை எந்தக் கம்ப்யூட்டரில் போடுவது? மார்க் போட ஃபிலிம் இல்லை, புள்ளிவிவரம் இல்லை. பார்த்த பெரியவர்களின் ஞாபகம் மட்டும்தான் மிச்சம். பதிவு இல்லாதவன் கற்பனைச் சண்டையில்கூட இடம்பெற முடியாது. இதுவும் ஒரு விதமான மறைவுதான்.

அந்தச் சென்னைக்கு 1980-ன் தொடக்கத்தில் முகமது அலியே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். கூட்டம் அலை மோதியது. அலிக்கு எதிரே வளையத்தில் நின்றவர் ஜிம்மி எல்லிஸ்.

யார் இந்த எல்லிஸ்? அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர். சின்ன வயதுச் சிநேகிதர், அலியோடு பயிற்சியில் மோதிப் பழகியவர். 1967-ல் அலியிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கினார்களே, காலியான அந்த இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. அதில் ஜெயித்து 1968-ல் சாம்பியன் ஆனவர் எல்லிஸ்தான்! 1971-ல் இருவரும் நிஜமாகவே மோதியபோது பன்னிரண்டாவது ரவுண்டில் அலி ஜெயித்தார். தன்னிடமிருந்து பறித்த பட்டத்தைச் சுமந்த நண்பனோடு, சென்னை ஸ்டேடியத்தில் சிரித்துக்கொண்டே விளையாடிக் காட்டினார் அலி. இருவருக்கும் இடையே பகை இல்லை. பட்டத்தைப் பிடுங்கியவர்களும் கொடுத்தவர்களும் ஒருநாளும் வளையத்துக்குள் வந்ததில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

1971 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அலிக்குக் கொடுத்த தண்டனை செல்லாது என்று சொல்லிவிட்டது. எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில்! சந்தோஷம். ஆனால், போன மூன்றரை வருஷத்தை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்? இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வயது வரையிலான அந்த அலியை யாரும் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. அலி - டைசன், அலி - மார்சியானோ என்று நாம் மோதவிடும்போதெல்லாம், நம் மனசு தேடுவது அந்தக் காணாமல் போன அலியைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே, டீக்கடையில் தாராளமாகச் சண்டை மூட்டுங்கள். பஸ்ஸைத் தவறவிடுங்கள், பரவாயில்லை. 'யார் ஜெயித்திருப்பார்?' என்று கேட்கும்போது, 'இந்தச் சண்டை ஏன் நடக்கவில்லை?' என்றும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலம் வேறு என்பதால் நடக்கவில்லை என்றால், அது விளையாட்டுப் பேச்சு. ஒரே காலத்தில் வாழ்ந்தும் நடக்கவில்லை என்றால், அங்கே யாரோ ஒளிந்து நிற்கிறார்கள்.

சந்தேகமாக இருந்தால், தாரமங்கலம் ஒன்றும் தூரமில்லை. ராமர் தூணில் நின்று ஒரு தடவை பாருங்கள். பிறகு, வாலி தூணுக்கு வந்து, அவன் பார்க்கும் திசையில் பாருங்கள்.

ஒன்றுமே தெரியாது. அதுதான் விஷயம்!